பழுது நீக்குவோரின் பேச்சும் பணி நேரமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் நேரில் சென்று இயந்திரங்களைப் பழுது நீக்கும் பணியாளர்களைக் கைப்பேசிச் செயலி வழியாக நெறிப்படுத்துவதால் நிறுவனங்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதை விளக்கி, தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதில் சொல்லப்பட்டவை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், பணியாளர்கள் தங்களுக்குள் பேசிக் கழிக்கும் நேரம் இப்போது குறைந்துவிட்டது என்று அக்கட்டுரை ஒரே வரியில் பாராட்டிவிட்டுக் கடந்து போகிறது. அந்தப் பேச்சைப் பற்றியே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து ஒருவர் அமெரிக்காவில் நூல் எழுதியிருக்கிறார் என்பதையும், அவர் ஆராய்ந்தது நகல் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களைத்தான் என்பதையும், அதே தொழிலில் மதுரையிலும் தேனி, திண்டுக்கல் பகுதிகளிலும் 32 ஆண்டுகள் உழைத்தவன் என்ற முறையில், தங்கள் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

அவர் பெயர் ஜூலியன் ஆர் (Julian Orr), மானுடவியல் ஆய்வாளர். தொலைதூரத் தீவுகளிலும் மலைகளிலும் வாழும் குடிகளோடு போய்த் தங்கி, அவர்களுடைய வழக்கங்களை எழுதி வைப்பவர்களே மானுடவியலார் என்று நான் எண்ணியிருந்தேன். நிர்வாகவியலில் ஆய்வு செய்யும் என் தம்பி மகள் ஒரு விடுமுறையில் இவருடைய நூலைக் கொண்டுவந்து, 'பெரியப்பா, இது உங்களைப் பற்றிய புத்தகம்' என்று சொல்லி, பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் விளக்கினாள். கேட்கக் கேட்க எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை. கடல் கடந்த ஓர் ஊரில், வேறு மொழி பேசும் பணியாளர்களிடம் அவர் கண்டதெல்லாம் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் நாள்தோறும் நடந்தவையே.

ஆய்வு நடந்த இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஜெராக்ஸ் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர் என்பதே நம்மில் பலருக்கு மறந்துவிட்டது. எந்த நிறுவனத்தின் இயந்திரமாக இருந்தாலும் நாம் 'ஜெராக்ஸ்' எடுக்கிறோம், கடைப் பலகையிலும் அப்படியே எழுதுகிறோம். அந்த நிறுவனம் 1970-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் தொடங்கிய ஆராய்ச்சி மையம் கணினி உலகில் புகழ்பெற்றது. லேசர் அச்சுப்பொறியும், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட்டும் அங்கே உருவானவை. அந்த மையம் பொறியாளர்களோடு மானுடவியலாரையும் பணியில் அமர்த்தியது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. என்னைக் கேட்டால், மற்ற கண்டுபிடிப்புகளுக்கு நிகராக வைத்துப் பேச வேண்டிய செய்தி அது.

அவ்வாறு 1979-இல் அங்கே வந்தவர் லூசி சச்மன். அந்தக் காலத்தில் ஜெராக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒரு பெரிய நகல் இயந்திரம் பயன்படுத்தக் கடினமாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் முறையிட்டார்கள். பச்சை நிறப் பொத்தானை அழுத்தினால் போதும் என்ற அளவுக்கு எளிமையானது என்றுதான் நிறுவனம் அதை விளம்பரப்படுத்தியிருந்தது. சச்மன் அந்த இயந்திரத்தை ஆராய்ச்சி மையத்திலேயே வைத்து, அதைப் பயன்படுத்த முயன்றவர்களைப் படம் பிடித்தார். தாளின் இரு பக்கமும் நகல் எடுக்க வழி தெரியாமல் இரண்டு பேர் திணறும் காட்சி அந்தப் படத்தில் இருக்கிறது. அந்த இருவரில் ஒருவர் ஆலன் நியூவெல், செயற்கை நுண்ணறிவுத் துறையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். அவருக்கே அந்த இயந்திரம் பிடிபடவில்லை என்றால் குறை அறிவில் இல்லை என்பது விளங்கும்.

குறை எங்கே என்பதைச் சச்மன் நுணுக்கமாகக் காட்டினார். இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும் இருவர் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், ஐயப்படுகிறார்கள், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், அறிவிப்பை உரக்கப் படித்துவிட்டு 'இதற்கு என்ன பொருள்' என்று ஒருவரையொருவர் கேட்கிறார்கள். இவற்றில் எதுவும் இயந்திரத்துக்குத் தெரியாது. எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது, எந்த மூடி திறக்கப்பட்டது என்பவை மட்டுமே அதற்குத் தெரியும். அந்தச் சிறு தடயங்களைக் கொண்டு, பயன்படுத்துபவர் தான் எதிர்பார்த்த திட்டத்தின்படியே நடந்துகொண்டிருக்கிறார் என்று அது முடிவு செய்து அடுத்த அறிவிப்பைக் காட்டுகிறது. மனிதர்கள் திட்டத்தை எழுதி வைத்துக்கொண்டு அதன்படி வரிவரியாக நடப்பதில்லை, சூழ்நிலை காட்டும் வழியில் அவ்வப்போது முடிவெடுத்துத்தான் நடக்கிறார்கள் என்ற அவருடைய கருத்து 1987-இல் நூலாக வெளிவந்தது. மனிதருக்கும் கணினிக்கும் இடையிலான உறவை ஆராயும் துறையில் இன்றுவரை அது அடிப்படைப் பாடமாக இருக்கிறது.

சச்மன் இயந்திரத்துக்கு முன்னால் நின்றவர்களைப் பார்த்தார். ஜூலியன் ஆர், நகல் இயந்திரங்கள் பழுதானால் வந்து திறந்து பார்ப்பவர்களிடம் போனார். அவரே முன்பு தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவர். பழுதுநீக்குநர்களுக்கு நிறுவனம் நடத்திய பயிற்சியில் தாமும் உட்கார்ந்து கற்ற பிறகுதான் அவர்களோடு களத்துக்குப் புறப்பட்டார். காலை உணவுக்கு அவர்கள் கூடும் உணவகத்தில் அவர்களோடு உட்கார்ந்தார். வாடிக்கையாளர் இடங்களுக்கு அவர்களோடு சென்றார். அவர்கள் இயந்திரத்திடம் மண்டியிட்டு வேலை செய்தபோது பக்கத்தில் இருந்து குறிப்பெடுத்தார். இந்த ஆய்வுக்காகக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1990-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1996-இல் அது அதே பல்கலைக்கழக அச்சகத்தின் வழியாக நூலானது.

நிறுவனம் தன் பழுதுநீக்குநர்களுக்கு ஒரு கையேடு கொடுத்திருந்தது. பிழை எண் இதுவானால் இந்தப் பகுதியைச் சோதிக்கவும், சரியாக இருந்தால் இந்தப் பக்கத்துக்குச் செல்லவும், இல்லையென்றால் இந்த உதிரிப்பாகத்தை மாற்றவும் என்று படிப்படியாகக் கட்டளையிடும் கையேடு அது. எதனால் அப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கான விளக்கம் அதில் குறைவு. ஆளுக்கு அறிவு தேவையில்லை, சொன்னதைச் செய்தால் போதும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட கையேடு என்று ஜூலியன் ஆர் கருதினார். ஆனால் களத்தில் அவர் கண்டது வேறு. ஒரே வகை இயந்திரம்தான் என்றாலும், வெவ்வேறு அலுவலகங்களில் வெவ்வேறு மனிதர்கள் கையில் ஆண்டுக்கணக்கில் உழைத்த பின், ஒவ்வொன்றும் தனித்தனிக் குணத்தோடு இருந்தது. கையேடு எழுதியவர் கண்ணில் படாத கோளாறுகள் நாள்தோறும் வந்தன. கையேடு கைவிட்ட இடத்தில் பணியாளர்களுக்குத் துணையாக இருந்தவை கதைகள்.

ஆம், கதைகள் என்றே அவர் எழுதுகிறார். உணவு உண்ணும்போதும், சீட்டாடும்போதும், வெறுமனே வம்பு பேசுவதாகத் தோன்றும்போதும் அவர்கள் இயந்திரங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். போன மாதம் இன்ன அலுவலகத்தில் இப்படி ஒரு பிழை வந்தது, எல்லாவற்றையும் மாற்றியும் தீரவில்லை, கடைசியில் பார்த்தால் காரணம் இது என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்வார். அந்தக் கதைகளின் வழியாகத்தான் ஒருவர் கண்டது எல்லோருக்கும் சொத்தாகியது. புதிதாக வந்தவர் தொழில் கற்றதும், தேர்ந்தவர் இன்னார் என்று மற்றவர்கள் அறிந்ததும் அவற்றின் வழியாகத்தான்.

அவர் எழுதியுள்ள ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதிதாக நிறுவிய ஓர் இயந்திரம் ஒரு நாளும் ஒழுங்காக ஓடவில்லை. நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை எண்ணைக் காட்டியது. கையேட்டின்படி எல்லாம் செய்தும் பயனில்லை. பழுதுநீக்குநர் தொழில்நுட்ப வல்லுநர் ஒருவரை வரவழைத்தார், அவருக்கும் புரியவில்லை. இயந்திரத்தையே மாற்றிக் கொடுத்துவிடலாம்; ஆனால் அப்படிச் செய்தால் நிறுவனத்தின் மீதும் தங்கள் மீதும் வாடிக்கையாளருக்குள்ள நம்பிக்கை போய்விடும் என்று இருவரும் அதற்கு உடன்படவில்லை. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் இயந்திரத்தின் முன்னால் இருந்து, அதை ஓட்டிப் பார்ப்பதும், முன்பு கண்ட கோளாறுகளை ஒருவருக்கொருவர் சொல்வதுமாக இருந்தார்கள். ஒருவர் சொன்ன கதையில் ஒரு துண்டு, மற்றவர் சொன்னதில் ஒரு துண்டு என்று சேர்த்துச் சேர்த்து, முன்னுக்குப் பின் முரணாக வந்த அத்தனை பிழை எண்களையும் ஒரே காரணத்தால் விளக்கிவிடும் நிலைக்கு வந்தார்கள். பிறகு அந்த ஐந்து மணி நேரமே மற்றவர்களுக்குச் சொல்லும் புதிய கதையாயிற்று. ஜான் சீலி பிரவுன், பால் டுகிட் என்ற இரு அறிஞர்கள் 1991-இல் நிறுவனங்கள் எவ்வாறு கற்கின்றன என்பதைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த நிகழ்ச்சியை எடுத்தாண்டார்கள். மேலாண்மைப் படிப்பில் அக்கட்டுரை இன்றும் பாடம் என்று தம்பி மகள் சொல்கிறாள்.

இதைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை. ரீகண்டிஷன் செய்து வாங்கிய இயந்திரம். வாரத்தில் இரண்டு மூன்று நாள், காலை நேரத்தில், ஃபியூசர், அதாவது மையைச் சூட்டால் தாளில் பதிய வைக்கும் பகுதி, சூடாகவில்லை என்ற பிழை எண்ணைக் காட்டிப் பூட்டிக்கொள்ளும். கையேட்டின்படி, சூட்டை அளக்கும் தெர்மிஸ்டரை மாற்றினேன். ஹீட்டரைச் சோதித்தேன். பிழையை நீக்கிவிட்டு ஓட்டினால் நன்றாக ஓடும். நான் வண்டியைத் திருப்பியதும் கடைக்காரர் மறுபடி அழைப்பார். வழக்கறிஞர் குமாஸ்தாக்கள் கட்டுக்கட்டாகத் தாளை வைத்துக்கொண்டு காத்து நிற்கும் நேரத்தில் இயந்திரம் நின்றுபோனால் அந்தக் கடைக்காரருக்கு அன்றைய வருமானம் போயிற்று என்று பொருள். நான்காவது முறை போய் வந்த மறுநாள், காலையில் நாங்கள் ஆறு பேர் வழக்கமாகக் கூடும் தேநீர்க் கடையில் இதைச் சொல்லி வருந்தினேன்.

எங்களில் மூத்தவர், எல்லோரும் அண்ணன் என்று அழைப்பவர், எனக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. போடிநாயக்கனூரில் சில ஆண்டுகளுக்கு முன் தமக்கு நேர்ந்ததைத்தான் சொன்னார். அங்கும் ஃபியூசர் பிழை, அங்கும் காலை நேரம், அங்கும் எல்லாப் பாகங்களும் மாற்றியாயிற்று. ஒருநாள் தற்செயலாகக் கடை வாசலில் நின்றபோது, பக்கத்தில் மாவு மில் ஓடத் தொடங்கியதும் கடையின் மின்விளக்கு மங்கியதைப் பார்த்திருக்கிறார். மின்னழுத்தம் குறைந்தால் ஹீட்டர் உரிய நேரத்துக்குள் சூடேறாது. சூடேறவில்லை என்றால் இயந்திரம் தன்னிடமே கோளாறு என்று எண்ணிப் பூட்டிக்கொள்ளும். அன்றைக்கு நேரே நீதிமன்றக் கடைக்குப் போய்ப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பின்பக்கத்துக் கட்டடத்தில் வெல்டிங் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே வேலை இருக்கும் நாளெல்லாம் இங்கே பிழை. நல்ல ஸ்டெபிலைசர் ஒன்றை வைத்த பிறகு அந்த இயந்திரம் அந்தப் பிழையைக் காட்டவே இல்லை. வெல்டிங் பட்டறையைப் பற்றி எந்தக் கையேட்டில் எழுத முடியும்?

ஜூலியன் ஆர் சொல்லும் இன்னொன்றும் எனக்கு மிகவும் உண்மையாகப் படுகிறது. பழுதுநீக்குநருடைய வேலை இயந்திரத்தோடு முடிவதில்லை. பழுதுநீக்குநர், வாடிக்கையாளர், இயந்திரம் ஆகிய மூன்று பேருக்கும் இடையில் நடக்கும் வேலை அது என்கிறார். இயந்திரம் என்ன செய்தது, எந்தச் சத்தம் வந்தது, எப்போது வந்தது என்பதைச் சரியாகச் சொல்லும்படி வாடிக்கையாளரைப் பழக்குவதும், அவர் மனம் அமைதியடையும்படி பேசுவதும் அந்த வேலையின் பகுதி. மழைக்காலத்தில் தாள் கட்டுகளைத் தரையில் சுவரோரமாக அடுக்கி வைத்தால் ஈரம் ஏறித் தாள் சிக்கும், நகலும் வெளுத்து வரும். இதை ஒரு கடைக்காரருக்குப் பொறுமையாகச் சொல்லிப் பலகை போட்டு வைக்கச் செய்தால், அந்தப் பருவம் முழுவதற்கும் நான்கு பழுது அழைப்புகள் குறையும். ஆனால் வராமற்போன அழைப்புகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். நான் கடைசியாகப் பணியாற்றிய நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே எங்கள் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டார்கள். அதனால் நன்மை இல்லை என்று சொன்னால் நான் நேர்மை தவறியவனாவேன். முகவரியும் இயந்திரத்தின் வரலாறும் கையிலேயே கிடைத்தன. எந்த உதிரிப்பாகம் எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று அலைய வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் அழைப்புக்கும் 45 நிமிடம் என்று ஒரே அளவை வைத்தார்கள். காலையில் தேநீர்க் கடையில் நாங்கள் கூடிய அரை மணி நேரம் 'பணியில்லா நேரம்' என்று திரையில் சிவப்பாகத் தெரிந்தது. இரண்டு மாதத்தில் எங்கள் கூட்டம் நின்றுபோனது. வீட்டிலிருந்து நேராக முதல் அழைப்புக்குப் போகும்படி ஆணை வந்தது.

பழுதின் காரணத்தைக் குறிக்கச் செயலியில் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். டிரம், டோனர், ஃபியூசர், தாள் சிக்கல், மின்பலகை என்று அதில் இருந்தன. பக்கத்து வெல்டிங் பட்டறைக்கு அதில் இடமில்லை. ஈரத் தாளுக்கும் இடமில்லை. அந்த மாதிரிக் காரணங்களையெல்லாம் 'மற்றவை' என்று குறித்துவிட்டு அடுத்த அழைப்புக்கு ஓடினோம். எங்கள் வேலையில் மிகவும் கற்றுக்கொள்ள வேண்டியவை அந்த ஒரு சொல்லுக்குள் போய் மறைந்தன. சச்மன் அந்த நகல் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னதே இந்தச் செயலிக்கும் பொருந்துகிறது என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது. நான் அழுத்திய பொத்தான் அதற்குத் தெரியும், என் வண்டி நின்ற இடம் தெரியும். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது தெரியாது.

அந்த ஆண்டு மழைக்காலத்தில், புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர், நகல் வெளுத்து வந்த ஓர் இயந்திரத்துக்கு படம் விழும் உருளையான டிரம்மை மாற்றினார், அது தீராமல், மைத்தூளை அந்த உருளைக்குக் கொண்டு சேர்க்கும் டெவலப்பரையும் மாற்றினார். ஒரு சிறிய கடை நடத்தும் பெண்மணியின் பணம் அது. கோளாறு தாளில் இருந்தது. அந்த இளைஞரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் திறமையானவர், கையேட்டை நன்கு படித்தவர். ஈரத் தாளைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கான இடத்தை நாங்கள் இழந்துவிட்டிருந்தோம். தம் பணம் ஏன் வீணானது என்று அந்த அம்மா கேட்ட கேள்விக்கு என்னால் அன்று பதில் சொல்ல முடியவில்லை, இன்றும் அது நெஞ்சில் உறுத்துகிறது.

ஜெராக்ஸ் நிறுவனம் இதே கட்டத்தில் என்ன செய்தது என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். பணியாளர் கூடிப் பேசுவதை வீண்பொழுது என்று கணக்கிட்டு வெட்டிவிடுவது வழக்கமான நிர்வாகப் பார்வை. ஜூலியன் ஆர் கண்டதைப் படித்த ஆராய்ச்சி மையம் அந்தப் பேச்சைப் பெருக்க வழி தேடியது. களத்தில் ஆளுக்கோர் இடத்தில் இருக்கும்போதும் ஒருவர் கேள்விக்கு மற்றவர் பதில் சொல்ல வசதியாகப் பழுதுநீக்குநர்களுக்கு இருவழி வானொலிக் கருவிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு, அவர்கள் கண்டுபிடித்த சிறு சிறு தீர்வுகளைச் சேர்த்து வைக்கும் யுரேகா என்ற கணினித் தொகுப்பை 1990-களில் முதலில் பிரான்சு நாட்டில் நடைமுறைப்படுத்தினார்கள்.

அதற்கு முன்னால் அந்த மையத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் வேறொன்றை முயன்றிருந்தார்கள். இயந்திரத்தின் அமைப்பையே கணினிக்குக் கற்பித்து, கோளாற்றைக் கணினியே கண்டறியும்படி ஒரு மென்பொருளைச் செய்து பழுதுநீக்குநர்களிடம் காட்டினார்கள். நன்றாக இருக்கிறது, ஆனால் எங்களுக்குப் பயன்படாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். எதிர்பார்த்த கோளாறுகளைத் தீர்க்க அவர்களுக்கு உதவி தேவையில்லை. யாரும் எதிர்பாராதவைதாம் அவர்களைத் திணறடித்தவை. அதைக் கேட்டு, தாங்கள் செய்ததைத் தள்ளி வைத்துவிட்டு, பணியாளர்கள் சட்டைப்பையில் வைத்திருந்த குறிப்புகளிலிருந்து மறுபடி தொடங்கிய அந்த ஆய்வாளர்களுடைய பணிவை நான் வணங்குகிறேன். இன்று கையேடுகள் அனைத்தையும் உள்வாங்கிக்கொண்டு பழுதுநீக்குநருக்கு வழிசொல்லும் உரையாடல் மென்பொருள்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைச் செய்பவர்கள் இந்தப் பழைய செய்தியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

யுரேகாவில் ஒரு பழுதுநீக்குநர் ஒரு குறிப்பை எழுதினால், தொழிலில் தேர்ந்த மற்றவர்கள் அதைச் சோதித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அது எல்லோருக்கும் போகும். குறிப்புக்குப் பணம் தரலாமா என்ற பேச்சு எழுந்தபோது பணியாளர்களே வேண்டாம் என்றார்கள். பணம் வைத்தால் எண்ணிக்கைக்காக எழுதுவார்கள், தரம் கெடும் என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் கேட்டது, எழுதியவருடைய பெயர் குறிப்போடு இருக்க வேண்டும் என்பது. அவ்வாறே செய்தார்கள். பிரேசில் நாட்டில் ஒருவர் 40,000 டாலர் மதிப்புள்ள ஒரு வண்ண நகல் இயந்திரத்தையே மாற்றிக் கொடுக்கும் நிலைக்குப் போனபோது, கனடாவின் மான்ட்ரியல் நகரத்துப் பழுதுநீக்குநர் ஒருவர் எழுதியிருந்த குறிப்பு அந்தத் தொகுப்பில் அவருக்குக் கிடைத்தது. பார்த்தால், பழுதாகியிருந்தது 50 சென்ட் விலையுள்ள ஒரு ஃபியூஸ் ஹோல்டர்.

எழுதி வைத்த குறிப்பு ஒருபோதும் வாய்ப்பேச்சுக்கு ஈடாகாது என்பது என் கருத்து. அண்ணன் போடிநாயக்கனூர்க் கதையைச் சொன்னபோது, நான் எந்த இடத்தில் புருவத்தைச் சுருக்கினேன் என்று பார்த்து அந்த இடத்தை மறுபடி விளக்கினார். தாளும் திரையும் அதைச் செய்யா. ஆனாலும், கூடிப் பேச முடியாத தொலைவில் இருப்பவர்களுக்கு எழுத்தை விட்டால் வேறு வழியில்லை. அந்த எழுத்தைப் பணியாளர்களே எழுதி, அவர்களே சோதித்து, அவர்கள் பெயரோடு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் யுரேகாவிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

ஆகவே தங்களிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. களப்பணியாளர்களுக்கான செயலிகளைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, செயலியைச் செய்தவரையும் வாங்கிய மேலாளரையும் கேட்பதோடு, அதைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் வண்டி ஓட்டுபவரிடமும் ஒரு நாள் முழுவதும் இருந்து பார்த்து எழுதும்படி தங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நகல் இயந்திரம் மட்டுமல்ல. மின்தூக்கி, குளிர்சாதனம், மருத்துவமனைக் கருவிகள் என்று எத்தனையோ தொழில்களில் இப்போது இதே மாற்றம் நடக்கிறது. நிறுவனங்களை நடத்துவோரும், ஒரு மென்பொருளைப் பணியாளர் மேல் இறக்குவதற்கு முன்னால், அதை வடிவமைப்பவர்களை ஒரு மாதமாவது அந்தப் பணியாளர்களோடு அனுப்பட்டும். ஜூலியன் ஆர் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து, காலை உணவுக்குக் கூடவே போய், மண்டியிட்டவர்கள் பக்கத்தில் மண்டியிட்டுத்தானே அந்த அறிவைப் பெற்றார். கணினியியலும் மேலாண்மையும் கற்பிக்கும் நம் கல்லூரிகள், இறுதியாண்டு மாணவர்களுக்கு இதையே ஆய்வுப் பணியாகக் கொடுத்தால், மதுரை டவுன்ஹால் சாலையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ அவர்கள் கற்கும் பாடம் எந்த ஆய்வகத்திலும் கிடைக்காது.

என்னிடம் நான்கு நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. தேநீர்க் கடையில் கேட்டவற்றையும், நானே பட்டுத் தெரிந்துகொண்டவற்றையும், தேதியும் ஊரும் போட்டு எழுதி வைத்தவை. அவற்றில் உள்ள இயந்திரங்களில் பல இன்று உபயோகத்தில் இல்லை என்றாலும், ஈரமும் மின்னழுத்தமும் எலியும் தூசியும் அப்படியேதான் இருக்கின்றன. ஆய்வு செய்ய விரும்பும் மாணவர் எவரேனும் தங்கள் அலுவலகம் வழியாகக் கேட்டால் மகிழ்ச்சியோடு தருவேன். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் அதை எனக்குச் சொன்னவரின் பெயரை எழுதியிருக்கிறேன். அண்ணன் உட்பட அவர்களில் மூவர் இப்போது இல்லை. எங்கே அச்சிட்டாலும் அந்தப் பெயர்களையும் சேர்த்தே அச்சிட வேண்டும் என்பது ஒன்றுதான் என் நிபந்தனை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற நகல் இயந்திரப் பழுதுநீக்குநர்,
மதுரை.